‘வற்புறுத்தினார்’ என்றால் என்ன? கட்டாயப்படுத்துதல் குறித்து ஓர் எளிய விளக்கம்

பினாங்கில் யாராவது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "கட்டாயம் வந்துடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். விருந்துக்குப் போன இடத்தில் இலையை மூடவிடாமல் "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துவார்கள். இதற்காக யாரும் போலீஸ் நிலையத்துக்குப் போவதில்லை. ஆனால் கத்தியைக் காட்டிக் கையெழுத்து வாங்கியவனைப் பற்றிச் சொல்ல நேரும்போதும் நம் கைக்கு முதலில் அகப்படுபவை இதே சொற்கள்தாம்: கட்டாயப்படுத்தினான், வற்புறுத்தினான்.

ஜார்ஜ்டவுன் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்ற எனக்கு, இச்சொற்களின் தளர்ச்சி ஒருமுறை நன்றாகவே சுட்டது. தன் வீட்டை மருமகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்த ஒரு மூதாட்டி சாட்சிக் கூண்டில் நின்றார். கட்டாயத்தின் பேரில்தான் கையெழுத்திட்டாரா என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டதை, "வற்புறுத்துனாங்களாம்மா?" என்று தமிழில் கேட்டேன். "ஆமாங்கய்யா, ரொம்ப வற்புறுத்துனாங்க" என்றார். அதை ஆங்கிலத்தில் உள்ள மிக வலுவான சொல்லாக்கி நீதிபதியிடம் சொன்னேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, எப்படி வற்புறுத்தினார்கள் என்று கேட்டார். "‘நம்ம பிள்ளைங்களுக்குத்தானே, போடுங்கம்மா’ன்னு கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாரு" என்று பதில் வந்தது. அவர் சொன்ன சொல் தவறா, நான் மாற்றிய சொல் தவறா என்று தெரியாமல் நான் விழித்த அந்த அரை நிமிடம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சொல்லின் மீது குற்றம் சொல்வதற்கில்லை. வற்பு என்றால் உறுதி. உறுதியை ஊட்டுவதே வற்புறுத்தல். கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று கலங்கும் தலைவியைத் தோழி ‘வற்புறுத்தியது’ என்று குறுந்தொகையின் பழைய துறைக்குறிப்புகள் கூறுகின்றன. அங்கே தோழி மிரட்டவில்லை, மனத்துக்குத் திடம் தருகிறாள். ஆறுதல், உபசரிப்பு, நச்சரிப்பு, மிரட்டல் ஆகிய அனைத்தையும் ஒரே சொல் சுமக்கும்போது, அவற்றுள் எது ஒருவருடைய சம்மதத்தைச் செல்லாக்காசாக்குகிறது என்பதை நாம்தான் பிரித்தறிய வேண்டும்.

முதலில், செயலே இல்லாத இடத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். உறங்கிக்கொண்டிருக்கும் பாட்டியின் பெருவிரலில் மை தடவிப் பத்திரத்தில் ஒற்றி எடுத்தால், அங்கே பாட்டி எதையும் செய்யவில்லை. அவருடைய விரல் ரப்பர் முத்திரையாகப் பயன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். புயற்காற்று ஒருவனைத் தூக்கிச் சென்று வேறிடத்தில் போட்டால் அவன் அங்கே ‘போனான்’ என்று சொல்ல முடியுமா என்று அரிஸ்டாட்டில் இதே பொருளை விளக்கினார். இயக்கத்தின் தொடக்கம் முழுவதும் வெளியில் இருக்கிறது. ஆளின் பங்கு சிறிதும் இல்லை. இவ்வகையில் குழப்பம் குறைவு என்பதால் இதைக் கடந்து செல்லலாம்.

சிக்கல் அடுத்த வகையில்தான் தொடங்குகிறது. இருட்டுச் சந்தில் ஒருவன் கத்தியை நீட்டிப் பணப்பையைக் கேட்கிறான்; நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நீங்களே சட்டைப்பையில் கைவிட்டு, நீங்களே நீட்டினீர்கள். உங்கள் மனம் அப்போது வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அன்று முழுவதும் அது அவ்வளவு வேகமாக வேலை செய்திருக்காது. உயிரையும் 200 வெள்ளியையும் (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்) நிறுத்துப் பார்த்து, சரியான முடிவையே எடுத்தது. அப்படியானால் இதை ‘விருப்பத்துக்கு மாறாக’ என்று எந்தப் பொருளில் சொல்கிறோம்?

ஆங்கிலேய நீதிபதிகள் நெடுங்காலமாக, மிரட்டப்பட்டவரின் விருப்பம் நசுக்கப்பட்டுவிட்டது, அவரிடம் விருப்பமே எஞ்சவில்லை என்ற பாணியில் எழுதிவந்தார்கள். கேட்பதற்கு உருக்கமாக இருந்தாலும் இது நடப்பைச் சரியாகச் சொல்லவில்லை. 1975-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு வட அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில் நீதிபதிகளே இதை எடுத்துச் சொன்னார்கள்: மிரட்டலுக்கு உட்பட்டவரும் அறிந்தே, எண்ணியே செயல்படுகிறார், இரண்டு தீமைகளுள் ஒன்றைத் தேர்கிறார். எனவே ‘விருப்பத்துக்கு மாறாக’ என்பதன் பொருள் விருப்பமே இல்லாமல் என்பதன்று. மற்றவர் குறுக்கே வந்து வழியை அடைக்காமல் இருந்திருந்தால் அவர் எதைச் செய்திருப்பாரோ, அதற்கு மாறாக என்பதுதான். தொடக்கநிலை வாசகர் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகும் என்று நினைக்கிறேன், ஏனெனில் "நீதானே கையெழுத்துப் போட்டாய், உன் கையைப் பிடித்தா போட்டார்கள்?" என்று கேட்பவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

அடைத்தது யார் என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் மலாய் அண்டைவீட்டார் நம்மைவிடத் தெளிவாகச் சொல் வைத்திருக்கிறார்கள். சூழ்நிலையால் வேறு வழியின்றிச் செய்ய நேர்ந்தால் அவர்கள் ‘தெர்பாக்சா’ என்பார்கள். ஓர் ஆள் இன்னோர் ஆளைச் செய்ய வைத்தால் ‘டிபாக்சா’ என்பார்கள். வேர் ஒன்றுதான், முன்னால் ஒட்டும் அசை மாறும்போது, பின்னால் ஓர் ஆள் நிற்கிறானா இல்லையா என்பது மாறிவிடுகிறது. அரிஸ்டாட்டில் சொன்ன கப்பல் தலைவன், புயலில் கப்பல் மூழ்காமலிருக்கச் சரக்கைக் கடலில் எறிகிறான். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலில் அப்படி ஒரு நிலை வந்திருந்தாலும், அரிசி மூட்டைகளை எறிந்தவர் தெர்பாக்சாவாகத்தான் எறிந்திருப்பார். புயலுக்கு அரிசியின் மேல் ஆசையில்லை. கத்தி வைத்திருப்பவனுக்கோ உங்கள் பணப்பையின் மேல் ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்கேற்பவே அவன் உங்கள் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தான். வறுமையும் நோயும் மனிதரை நெருக்கும். ஆனால் அவற்றின் மீது வழக்குத் தொடுக்க முடியாது. அந்த நெருக்கடியைக் கண்டு அதற்குள் ஒருவர் கைவிட்டுப் பயனடைகிறாரா என்பது வேறு கேள்வி. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஆள் இருந்தால் மட்டும் போதாது, அவர் செய்வது மிரட்டலாக இருக்க வேண்டும். வியாபாரப் பேச்சும் மிரட்டலும் வாக்கிய அமைப்பில் ஒன்றுபோலவே இருக்கும்: ‘இதைச் செய், இல்லாவிட்டால்…’ என்பதுதான் இரண்டுக்கும் வடிவம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1969-இல் இதை ஆராய்ந்து, ஒரு பேச்சு உங்களை இயல்பாக இருந்திருக்கக்கூடிய நிலைக்குக் கீழே தள்ளுவதாகச் சொல்கிறதா, மேலே ஏற்றுவதாகச் சொல்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கீழே தள்ளுவது மிரட்டல். மேலே ஏற்றுவது முன்மொழிவு. பாயான் லெப்பாஸில் ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "900 வெள்ளி ஆகும், வேண்டாம்னா வேற இடத்துல பாருங்க அண்ணே" என்று போர்மேன் சொன்னால் அது விலை. எரிச்சல் வரலாம், ஆனால் மிரட்டல் இல்லை. 600 வெள்ளி என்று பேசி, வேலையை முடித்தபின், "900 கொடுத்தால்தான் சாவி" என்று சொன்னால் கதை வேறு. பேசிய 600 வெள்ளியைத் தரும்வரை காரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டமே அவருக்கு இடம் தருகிறது. அதற்கு மேல் உள்ள 300 வெள்ளிக்காகப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை. பூட்டிய கதவு ஒன்றே, அதன் பின்னால் நிற்கும் கார் ஒன்றே. உரிமை எங்கே முடிகிறதோ அங்கே மிரட்டல் தொடங்குகிறது. இவ்வகையில் உங்களிடம் விற்கப்படுவது ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான ஒன்றுதான்.

மலேசிய நீதிமன்றத்தில் 1988-இல் பதிவான ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. வீடு வாங்க ஒப்பந்தம் செய்து கையெழுத்தும் இட்டிருந்த சிலரிடம், வீட்டைக் கட்டியவர்கள் ஆளுக்கு 4,000 ரிங்கிட் கூடுதலாகக் கேட்டார்கள். தராவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவோம் என்றார்கள். வாங்கியவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, கத்தியும் இல்லை. ஆயினும் அது வற்புறுத்தலால் பெற்ற பணம் என்று நீதிமன்றம் ஏற்று, திருப்பித் தரச் சொன்னது.

இனி, கேட்கும் தொனியைப் பற்றி. மிரட்டல் என்றால் உரத்த குரலும் கெட்ட வார்த்தையும் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் வேண்டுவது, வேலோடு வழியில் நிற்பவன் ‘கொடு’ என்பதைப் போன்றது என்று வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் கூறுகிறார். அவர் அங்கே அரசனின் செயலுக்கு இட்ட பெயர் இரவு, அதாவது பிச்சை கேட்டல். சொல் மிக மென்மையானது; கையில் இருப்பதுதான் மென்மையற்றது. நான் படித்த எந்தச் சட்டநூலும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொன்னதில்லை. 1954-இல் மலாயாவில் பதிவான ஒரு வழக்கு இக்குறளுக்கு உரைபோல அமைந்தது. ஜப்பானியர் ஆட்சியின்போது ஒரு நிலமாற்றப் பத்திரம் சுல்தானின் ஆணைப்படி எழுதித் தரப்பட்டிருந்தது. ஆணை பிறந்த இடத்தில் இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் உடனிருந்தார்கள். அக்காலத்தில் அப்படிப்பட்ட இருவர் உடனிருந்தால் அறையில் என்ன நிலவும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தடையற்ற சம்மதம் அங்கே இல்லை என்று கண்டு, நீதிமன்றம் அந்த மாற்றத்தை ஏற்க மறுத்தது.

சட்டம் இதை எப்படி வரையறுக்கிறது என்பதை இப்போது பார்க்கலாம். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை அச்சாகக் கொண்டது. அதன் 14-ஆம் பிரிவு, வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை ஆகியவற்றால் விளையாத சம்மதமே தடையற்ற சம்மதம் என்கிறது. 15-ஆம் பிரிவு வற்புறுத்தலுக்கு இரண்டு கால்களைத் தருகிறது: குற்றவியல் சட்டம் தடை செய்யும் ஒரு செயலைச் செய்வது அல்லது செய்வதாக மிரட்டுவது ஒன்று, ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பது அல்லது பிடித்து வைப்பதாக மிரட்டுவது மற்றொன்று. இரண்டிலும், ஒருவரை ஒப்பந்தத்துக்குள் இழுக்க வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும். தீங்கு கையெழுத்திடுபவர் மீதே விழ வேண்டும் என்பதில்லை. ‘எந்த ஒருவருக்கும்’ என்றே சட்டம் சொல்கிறது. தந்தையிடம் கையெழுத்து வாங்க மகனைப் பிடித்து வைத்தாலும் அது வற்புறுத்தலே.

இந்த வரையறை குறுகியது என்பது பலருடைய கருத்து, என் கருத்தும் அதுவே. குற்றமும் ஆகாமல் சொத்தையும் பிடித்து வைக்காமல் ஒருவரை மூலையில் தள்ளும் கலையை நம் காலம் நன்றாகவே வளர்த்திருக்கிறது. வற்புறுத்தலின் பேரில் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் 73-ஆம் பிரிவில் அச்சொல்லுக்கு மக்கள் வழங்கும் பொதுப்பொருளே போதும், 15-ஆம் பிரிவின் குறுகிய பொருள் தேவையில்லை என்று மேற்சொன்ன 4,000 ரிங்கிட் வழக்கில் நீதிமன்றம் கூறியதற்கு இதனால்தான் மதிப்பு அதிகம்.

வற்புறுத்தி வாங்கிய ஒப்பந்தம் தானாகவே செத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம். விரும்பினால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதனால் அவர் பிறகு எப்படி நடந்துகொண்டார் என்பது முக்கியமாகிறது. ஹாங்காங்கிலிருந்து, லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1979-இல் தீர்ப்பான ஒரு வணிக வழக்கில், நீதிபதிகள் சில கேள்விகளை முன்வைத்தார்கள். அந்த நேரத்தில் அவர் எதிர்ப்புத் தெரிவித்தாரா? போதுமான வேறு வழி அவருக்கு இருந்ததா? சுதந்திரமான ஆலோசனை கிடைத்ததா? மிரட்டல் விலகியபின் ஒப்பந்தத்திலிருந்து வெளிவர முயன்றாரா? நம்மவர்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான் சறுக்குகிறார்கள். மிரட்டியவன் போன பிறகும் "போகட்டும், சொந்தக்காரன்தானே" என்று இரண்டு ஆண்டுகள் மாதத் தவணையைக் கட்டிவிட்டு வந்து நின்றால், அதைச் சம்மதம் என்று எதிர்த்தரப்பு காட்டுவதற்கு நாமே சான்று சேர்த்துக் கொடுத்தவர்களாவோம்.

சட்டப்படியான ஒன்றைச் செய்வேன் என்று சொல்வது பொதுவாக வற்புறுத்தல் ஆகாது. "14 நாளுக்குள் கடனைக் கட்டாவிட்டால் வழக்குத் தொடுப்போம்" என்று வரும் வழக்கறிஞர் கடிதம் நெஞ்சைப் பிசையலாம். ஆனாலும் அது உரிமையைச் சொல்வதே. ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரன் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் சிவப்புச் சாயத்தை வீசிவிட்டுக் கேட்பது அந்த வகையில் சேராது. இரண்டு பக்கமும் கடன் உண்மையாக இருக்கலாம். கடன் இருக்கிறது என்பது எந்த வழியில் வேண்டுமானாலும் அதைக் கேட்கும் உரிமையைத் தந்துவிடாது.

இனி அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கத்தியும் இல்லை, பூட்டும் இல்லை. 15-ஆம் பிரிவில் மூதாட்டிக்கு இடமில்லை. ஆனால் அடுத்த பிரிவு அவரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. இருவருக்கு இடையிலான உறவில் ஒருவர் மற்றவரின் மனத்தை ஆளக்கூடிய நிலையில் இருந்து, அந்நிலையைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் அடைந்தால் அது தகாத செல்வாக்கு என்கிறது 16-ஆம் பிரிவு. வயது, நோய், மனத்துயர் ஆகியவற்றால் தெளிவு குன்றியவரிடம் ஒப்பந்தம் செய்பவரும் இதற்குள் வருவார். இங்கே மிரட்டல் வாய்திறந்து சொல்லப்பட வேண்டியதில்லை. அன்று நீதிபதி என் வழியாக ஒரு கேள்வி கேட்டார்: கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மூதாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாருங்கய்யா. ஆனா நான் எங்க போயி இருப்பேன்? அவங்களோடதானே இருக்கேன்" என்றார். அந்த மூன்று வாக்கியங்களை மொழிபெயர்க்க எனக்கு வலுவான சொல் எதுவும் தேவைப்படவில்லை.

இத்தகைய வழக்கில் ஆலோசனையின் தரம்கூட ஆராயப்படும். பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே பிரிட்டிஷ் காலனியான நீரிணைக் குடியேற்றத்தின் பகுதிகளாக இருந்த காலத்தில், சிங்கப்பூரிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற ஒரு வழக்கு 1928-இல் தீர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத முதிய மலாய்ப் பெண் ஒருவர், தன் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினருக்கு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வழக்கறிஞர் நேர்மையாகவே அவருக்கு விளக்கிச் சொன்னார். ஆனால் எழுதிக் கொடுப்பது ஏறத்தாழ அவருடைய முழுச் சொத்து என்பது அந்த வழக்கறிஞருக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஆலோசனை போதாது என்று சொல்லி, தானம் ரத்து செய்யப்பட்டது. "லாயர் முன்னாடிதானே போட்டாங்க" என்பது எப்போதும் முற்றுப்புள்ளி ஆகாது.

வேலை, உழைப்பு என்ற பக்கம் வந்தால், நம் வரலாறே இதற்குப் பாடநூல். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதைக்கு 1942-43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டுபோகப்பட்டபோது, முதலில் நல்ல கூலி, குறுகிய காலம் என்று ஆசை காட்டப்பட்டது. போனவர்கள் திரும்பாததைக் கண்டு ஆட்கள் ஒதுங்கியதும் வளைத்துப் பிடித்து ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் வேலை செய்தவர்களுள் இரண்டு வகையினரும் இருந்தார்கள். ஏமாற்றப்பட்டவருக்கு உண்மை தெரியாது, தெரிந்திருந்தால் மறுத்திருப்பார். பிடித்துச் செல்லப்பட்டவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் மறுக்க முடியாது. சட்டம் மோசடியையும் வற்புறுத்தலையும் தனித்தனியே வைத்திருப்பதன் காரணம் இதுதான். அங்கே போய்ச் சேர்ந்தபின் முதல் வகையினரும் இரண்டாம் வகையாகிவிட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது: வரும்போது விரும்பி வந்தது, இருக்கும்போது விரும்பி இருப்பதற்குச் சான்றாகாது.

1930-ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் உடன்படிக்கை, ஏதேனும் தண்டனையின் அச்சுறுத்தலின்கீழ் பெறப்படுவதும், ஒருவர் தாமாக முன்வந்து ஏற்காததுமான எந்த வேலையும் கட்டாய உழைப்பு என்று வரையறுத்தது. மலேசியா அதை 1957-இல் ஏற்றது. நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும் எல்லா வகைக் கட்டாய உழைப்பையும் தடுக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள்ளும் அது குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘தண்டனை’ என்பது சாட்டையடியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து உணவகத்துக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பியின் பாஸ்போர்ட்டையும் மூன்று மாதச் சம்பளத்தையும் முதலாளி பிடித்து வைத்துக்கொண்டு, "போறதுன்னா போ, இமிகிரேஷன்ல சொல்லிடுவேன்" என்றால், கதவு திறந்தே இருந்தாலும் அவன் பூட்டி வைக்கப்பட்டவனே. இமிகிரேஷனில் புகார் கொடுப்பது சட்டப்படியான செயல்தானே என்று சிலர் கேட்பார்கள். புகார் கொடுப்பது சட்டப்படியானது. அதைக் காட்டிச் சம்பளமில்லாத உழைப்பை வாங்குவது அப்படியன்று. 2007-இல் இயற்றப்பட்ட ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம், சட்ட நடவடிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவதாக மிரட்டுவதையும் வற்புறுத்தலின் பொருளுக்குள் கொண்டுவந்தது இதனால்தான்.

மிரட்டலுக்குப் பணிந்து ஒருவர் குற்றமே செய்துவிட்டால் என்ன ஆகும்? இங்கே சட்டம் மிகவும் கஞ்சத்தனமானது. உடனடி மரணம் நேரும் என்ற நியாயமான அச்சத்தில் செய்த செயல் குற்றமாகாது என்று குற்றவியல் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கூறினாலும், கொலையை அது விலக்கிவிடுகிறது. தானாகவே போய் அந்தச் சூழலில் மாட்டிக்கொண்டவருக்கும் அந்தக் காப்பு கிடையாது. அச்சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது: கொள்ளைக்கூட்டம் ஒரு கொல்லரைப் பிடித்து, கொன்றுவிடுவதாக மிரட்டி, அவருடைய கருவிகளாலேயே ஒரு வீட்டின் கதவை உடைக்கச் செய்தால் அவர் தப்பலாம். அடித்துவிடுவார்களே என்று பயந்து கூட்டத்தில் சேர்ந்தவர் தப்ப முடியாது. ஒப்பந்தத்தில் உங்களைக் காப்பாற்றப் போதுமான மிரட்டல், குற்ற வழக்கில் போதாமல் போகலாம். ஏனெனில் அங்கே கதவு உடைபட்ட வீட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார்.

திருமணத்தில் இந்த எல்லைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பெரியவர்கள் பார்த்து வைக்கும் திருமணம் வேறு, கட்டாயத் திருமணம் வேறு என்று நாம் சொல்வது சரியே. இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், இருவரும் தடையின்றிச் சம்மதிப்பதில் பதிவாளர் மனநிறைவு அடைய வேண்டும் என்கிறது. வற்புறுத்தலால் வந்த சம்மதத்தை ரத்துக்கான காரணமாகவும் ஏற்கிறது. ஆனால் அலுவலகத்தில் பதிவாளர் கேட்கும்போது "சம்மதம்" என்று சொல்லும் பெண்ணுக்கு, முந்தின இரவு அம்மா சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருக்கலாம்: "நீ சரின்னு சொல்லலேன்னா என்னை உயிரோட பாக்க முடியாது." இதை நம் வீடுகளில் பாசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சென்னை உயர்நீதிமன்றம் அப்படி எழுதவில்லை. 1917-இல் அங்கே வந்த ஒரு சொத்து வழக்கில், கணவன் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தான். அது வற்புறுத்தலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். கத்தி தன் கழுத்தை நோக்கியே இருந்தாலும், அதைப் பிடித்திருப்பவரின் கண் இன்னொருவரின் கையெழுத்தின் மேல் இருக்கிறது என்று அத்தீர்ப்பை நான் புரிந்துகொள்கிறேன். திருமண வழக்கில் இதே அளவுகோல் அப்படியே பொருந்துமா என்பது ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பொறுத்தது.

விவரம் என்று சொன்னதால் ஒரு நடைமுறைக் குறிப்பு. போலீசில் புகார் எழுதும்போதோ வழக்கறிஞரிடம் பேசும்போதோ, ‘என்னை வற்புறுத்தினார்’, ‘கட்டாயப்படுத்தினார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட வேண்டாம். அந்தச் சொல் எந்த மொழிக்கு மாறினாலும் மொழிபெயர்ப்பாளரின் ஊகத்துக்கே போய்ச் சேரும். யார், எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வார்த்தைகளால் கேட்டார். உடன் யார் இருந்தார்கள். மறுத்தால் என்ன நடக்கும் என்று அவர் சொன்னார், அல்லது சொல்லாமலே நீங்கள் ஏன் அப்படி அஞ்சினீர்கள். நீங்கள் மறுத்துப் பேசினீர்களா. பிறகு எத்தனை நாளில் யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். புகார் மலாய்மொழியில் எழுதப்பட்டால், கையெழுத்திடும் முன் அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.